வயசு ஏறும்போது எந்த ஃபிலிம் ஃபார்மட்? எடைய மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க

ஃபிலிம்ல படம் எடுக்கறவங்களுக்கு அம்பது அறுபது தாண்டி தோள்பட்டை வலி ஆரம்பிச்சதும் சுத்தி இருக்கறவங்க சொல்ற யோசனை பெரும்பாலும் ஒண்ணுதான், "இந்த பாரத்தை எல்லாம் வித்துட்டு சின்னதா ஒரு 35 எம்எம் வாங்கிக்கோங்க". அக்கறையில சொல்றதுதான், சிலருக்கு அது சரியாவும் வரும். ஆனா அந்த பேச்சைக் கேட்டு மாறினவங்கள்ல நெறைய பேரு அதுக்கப்புறம் படம் எடுக்கறதையே கொறச்சுட்டாங்க, நானே பாத்துருக்கேன். ஏன்னா அவங்கள தடுத்தது தோளே இல்ல, கட்டைவிரலோ கண்ணோதான், அந்த ரெண்டு விஷயத்துல சின்ன கேமரா பெரிய கேமராவ விட ரொம்பப் படுத்தும்.

அதனால எந்த ஃபார்மட், அதாவது எந்த அளவு ஃபிலிம்னு யோசிக்கறதுக்கு முன்னாடி கடைசியா படம் எடுக்கப் போன நாள ஞாபகப்படுத்திப் பாருங்க. எந்த இடத்துல "போதும், கிளம்பலாம்"னு தோணுச்சு? பைய தூக்கிட்டு மேடு ஏறும்போதா, சாயங்கால வெளிச்சத்துல ஃபோகஸ் பிடிபடாம கண்ணு வலிச்சப்பவா, ரோல் மாத்தும்போது விரல் மடங்காம நின்னப்பவா, தாழ்வான கோணத்துக்காக ஒக்காந்துட்டு எந்திரிக்க ஆள் தேடினப்பவா? தோள், கண்ணு, கை, முட்டி, இந்த நாலுல எது முதல்ல கை விரிக்குதோ அதுக்கு ஏத்த மாதிரிதான் ஃபார்மட் தேடணும், ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற வேற.

அளவு கணக்க ஒரு தடவ சொல்லிட்டு போயிடறேன். 35 எம்எம் ஃப்ரேம் 24×36 மில்லிமீட்டர். 120ங்கற அகலமான ரோல் ஃபிலிம்ல 645, அதாவது 6×4.5 சென்டிமீட்டர், எடுத்தா பரப்பு அதுல கிட்டத்தட்ட 2.7 மடங்கு, 6×6 எடுத்தா 3.6 மடங்கு, 6×7 நாலரை மடங்கு, 4×5 இன்ச் ஷீட் 13 மடங்குக்கு மேல. ஒரு ரோலுக்கு எத்தன படம்ங்கறது தலைகீழா போகும், 35 எம்எம்ல 36, 645ல 15 இல்ல 16, 6×6ல 12, 6×7ல 10, தனித்தனித் தாளா வர்ற ஷீட் ஃபிலிம்ல, அத வச்சு மூடற ஒரு ஹோல்டருக்கு 2. இந்த ரெண்டாவது வரிசைதான் வயசானவங்களுக்கு முக்கியம்னு நான் நினைக்கறேன், ஏன்னா 36 படம் எடுக்க 35 எம்எம்ல ஒரே ஒரு தடவ ஃபிலிம் போட்டா போதும், 6×7ல நாலு தடவ போடணும், மூட்டு வலி இருக்கற கைக்கு அந்த நாலு தடவதான் நாளோட பெரிய வேலையே.

35 எம்எம்ல இருந்து ஆரம்பிப்போம். இதுல மூணு வகை இருக்கு, மூணையும் ஒண்ணா பேசறதுதான் பெரிய குழப்பம். முதல் வகை எல்லாரும் ஆசைப்படற பழைய மெக்கானிக்கல் எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியா வர்ற பிம்பத்தயே உள்கண்ணாடி வச்சு ஃபைண்டர்ல காட்டற கேமரா), ஒலிம்பஸ் ஓஎம்-1, நிக்கான் எஃப்எம்2 மாதிரி. பாடி மட்டும் 500 கிராம சுத்திதான் வரும், தோளுக்கு சுகம். ஆனா கை என்ன பண்ணுதுன்னு பாருங்க. கிரிப்னு ஒண்ணு இல்லாத வழுக்கற பாடிய விரல் நுனியால கவ்விப் பிடிக்கணும், ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலோட அடி மூட்டால ஃபிலிம நகர்த்தற லீவர தள்ளணும், ரோல் முடிஞ்சா அடியில இருக்கற ரிலீஸ் பட்டன அமுக்கிட்டு, மேல சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருக்கற குமிழ் வச்ச கைப்பிடிய இருபது முப்பது சுத்து சுத்தி ஃபிலிம திரும்ப உள்ள இழுக்கணும். கட்டைவிரல் அடி மூட்டு தேயறது வயசானா ரொம்ப சகஜமா வர்ற பிரச்சனை, அது இருக்கறவங்களுக்கு இந்த லீவரும் குமிழும்தான் எதிரி. எடை பாதியாச்சுன்னு சந்தோஷப்பட்டு வாங்கினவங்க ஒரு ரோல் முடியறதுக்குள்ள கையத் தேச்சுக்கிட்டு இருப்பாங்க.

கண்ணு விஷயமும் இங்க தனியா இருக்கு. எஸ்எல்ஆர் ஃபைண்டர்ல தெரியற பிம்பம் கண்ணுக்குப் பக்கத்துல இருக்கற மாதிரி தோணினாலும் உள்ள இருக்கற லென்ஸ் அத பொதுவா ஒரு மீட்டர் தூரத்துல இருக்கற மாதிரிதான் காட்டும். இளவயசுல கண்ணு தானா சரி பண்ணிக்கும், வெள்ளெழுத்து வந்தவங்களுக்கும், கண்புரை ஆபரேஷன்ல தூரப் பார்வைக்கு லென்ஸ் வச்சவங்களுக்கும் அந்த ஒரு மீட்டர் கொஞ்சம் மசமசன்னு இருக்கும், கேமராவோட ஃபோகஸ் தப்பா நம்ம கண்ணு தப்பான்னே தெரியாது. ஐபீஸ்ல சரியான பவர்ல ஒரு சின்ன திருத்த லென்ஸ் மாட்டினாலே பாதி தொல்லை தீரும், கேமராவ மாத்தறதுக்கு முன்னாடி இத செஞ்சு பாருங்க, நெறைய பேரு இத செய்யாமலே கேமரா மேல பழி போட்டு வித்துடறாங்க. கண்ணுல சிலிண்டர் பவர் இருந்தா அந்த லென்ஸ் போதாது, கண்ணாடி போட்டுக்கிட்டேதான் பாக்கணும், அப்ப கண்ணு தள்ளி இருந்தாலும் முழு ஃப்ரேம் தெரியற ஃபைண்டர் வேணும். நிக்கான் எஃப்3 ஹெச்பி 1982ல அதுக்காகவே வந்தது, கண்ணு 25 மில்லிமீட்டர் தள்ளி இருந்தாலும் நாலு மூலையும் தெரியும். இன்னொண்ணு, வயசாக ஆக கண்ணோட பாப்பா சின்னதாகும், உள்ள போற வெளிச்சமே கொறையும். எஃப் 5.6 மாதிரி வெளிச்சம் கம்மியா விடற ஜூம் மாட்டிட்டு, ஃபோகஸ் பாக்க நடுவுல ரெண்டா பிளந்திருக்கற ஸ்ப்ளிட் வட்டத்துல பாத்தா ஒரு பாதி கருப்பாயிடும், அதனால மேனுவல் ஃபோகஸ்தான் வேணும்னா எஃப் 2 இல்ல 1.8 லென்ஸ் வச்சுக்கோங்க.

ரெண்டாவது வகை ரேஞ்ச்ஃபைண்டர். கண்ணுக்கு இது ஒரு விதத்துல நல்லது, கூர்மையா இருக்கா இல்லையான்னு யோசிக்க வேண்டியதில்ல, ரெண்டு பிம்பத்த ஒண்ணு சேத்தா முடிஞ்சது, லென்ஸ் எஃப் 2ஆ 4ஆன்னு ஃபைண்டருக்கு கவலை கிடையாது, எப்பவும் ஒரே வெளிச்சம். லைக்கா எம் வரிசையில கண்ணாடி போடறவங்க 0.58 உருப்பெருக்கம் இருக்கற ஃபைண்டர் தேடலாம், 0.72ல கண்ணாடியோட 28 எம்எம் கோடு தெரியாது. ஆனா ஃபிலிம் போடறது? அடித்தகட்ட கழட்டி, அத எங்க வைக்கறதுன்னு தெரியாம வாயிலயோ கக்கத்துலயோ இடுக்கிக்கிட்டு, கேமராவ தலைகீழா பிடிச்சு ஃபிலிம் நுனிய உள்ள சொருகணும். நடுங்கற கைக்கு நின்னுக்கிட்டே இத செய்யறது கொடுமை. ரேஞ்ச்ஃபைண்டர்தான் வேணும்னா கதவு மாதிரி பின்பக்கம் திறக்கற ஃபோக்ட்லாண்டர் பெஸ்ஸா வரிசை கைக்கு எவ்வளவோ மேல்.

மூணாவது வகைதான் நான் மனசார சிபாரிசு பண்றது, யாரும் ஆசையா பேசாத, 1990கள் கடைசியிலயும் 2000 தொடக்கத்துலயும் வந்த ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர். கேனான் இஓஎஸ் 300வி, நிக்கான் எஃப்75 மாதிரி பிளாஸ்டிக் பாடிங்க 400 கிராமுக்கும் கீழ, கொஞ்சம் உறுதியா வேணும்னா நிக்கான் எஃப்80, அரை கிலோவ ஒட்டி வரும். ஃபிலிம் நுனிய சிவப்பு குறி வரைக்கும் இழுத்து வச்சு கதவ மூடினா மோட்டார் தானா சுத்திக்கும், முடிஞ்சதும் தானா உள்ள இழுத்துக்கும். லீவர் இல்ல, குமிழ் இல்ல, ஷட்டர் பட்டன் மேல விரல வச்சாலே போதும்ங்கற அளவு லேசு. கைக்கு வாட்டமான கிரிப் இருக்கறதால கவ்விப் பிடிக்க வேண்டாம், உள்ளங்கையில தானா ஒக்காரும். ஐபீஸ் பவர் திருத்தறதுக்கு நெறைய மாடல்ல பக்கத்துலயே சின்ன சக்கரம் இருக்கு.

கை நடுக்கம் இருக்கறவங்களுக்கு இதுல இன்னொரு பெரிய லாபம் இருக்கு, நடுக்கத்த சமாளிக்கற லென்ஸ் ஃபிலிம் கேமராலயும் வேலை செய்யும். கேனான் 1995லயே 75-300 ஐஎஸ் லென்ஸ் கொண்டு வந்தாங்க, அது ஃபிலிம் காலத்து சரக்குதான். 28-135 ஐஎஸ் ஒண்ண இஓஎஸ் பாடில மாட்டினா பழைய கணக்குல 60ல ஒரு பங்கு நொடிக்கு கீழ போகக் கூடாதவங்க 15ல ஒரு பங்குல எடுத்துட்டு வருவாங்க. நிக்கான்ல அதே வேலைய செய்யற விஆர் லென்ஸ் வேணும்னா எஃப்80, எஃப்100, எஃப்5, எஃப்6 மாதிரி பாடிதான் எடுக்கணும், புதுசா வந்த "இ" வகை லென்ஸ் மட்டும் வாங்கிடாதீங்க, அதோட அப்பர்ச்சர (வெளிச்சம் போற துவாரத்த) ஃபிலிம் பாடியால இயக்க முடியாது. கொறைன்னு பாத்தா ஒண்ணு இருக்கு, இந்த கேமராங்க எலக்ட்ரானிக்ஸ் போனா ரிப்பேர் பண்ண பார்ட்ஸ் கிடைக்காது. ஆனா இதுங்களுக்கு மெக்கானிக்கல் கேமரா அளவுக்கு கிராக்கி இல்லாததால, ஒண்ணுக்கு ரெண்டா பாடி வாங்கி வச்சுக்கற அளவுக்கு இன்னும் தாராளமா கிடைக்குது.

35 எம்எம் ஃப்ரேம்ல பாதி அளவுல எடுக்கற ஹாஃப் ஃப்ரேம் பத்தி சுருக்கமா. 36 ரோல்ல 72 படம், ஃபிலிம் போடற வேலை பாதியாகும். 2024ல வந்த பென்டாக்ஸ் 17 முன்னூறு கிராமுக்கும் கீழ, தூரத்த ஒரு வளையத்துல சின்னச் சின்னப் படமா போட்டுருக்கு, கண்ணால ஃபோகஸ் பிடிக்க வேண்டாம். ஆனா லீவர் இருக்கு, அதுவும் சின்னது. கட்டைவிரல் நல்லா இருந்து கண்ணு மட்டும் தொல்லை பண்றவங்களுக்கு சரி, பெரிய பிரிண்ட் போடற ஆசை இருக்கறவங்களுக்கு சரி வராது.

இப்ப 120. இங்கதான் பேச நெறைய இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதியும் இதுதான். முதல்ல 120 ரோல் போடற வேலைய கிட்டத்துல இருந்து பாருங்க. முட்டி வீங்கின விரலால ஒட்டுக் காகிதத்த கிழிக்கணும், ரோல் தளர்ந்து விரியாம ஒரு கையால இறுக்கிப் பிடிக்கணும், இன்னொரு கையால காகிதத்தோட கூர் நுனிய காலி ஸ்பூல்ல இருக்கற மெல்லிசு பிளவுக்குள்ள விடணும், விட்டதும் அது வெளிய நழுவிடும், திரும்ப விடணும், ரெண்டு சுத்து இறுக்கமா சுத்தி அம்புக்குறிய புள்ளிக்கு நேரா கொண்டு வரணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு பெரியவர் இத நிழல் தேடி ஒக்காந்து, மடியில துணி விரிச்சு, கேமராவ முழங்காலுக்கு நடுவுல இடுக்கிட்டுதான் செய்வார், 12 படத்துக்கு ஒரு தடவ. அவருக்கு அது சிரமமா தெரியல, ரெண்டு ரோலுக்கு நடுவுல உடம்புக்கு ஒரு ஓய்வுன்னு வச்சுக்கிட்டார். எல்லாராலயும் அப்படி எடுத்துக்க முடியாது.

முடியாதவங்களுக்கு ஒரு நல்ல வழி, முன்கூட்டியே ஃபிலிம் ஏத்தி வச்சுக்கற வசதி இருக்கற கேமரா. ஹாசல்பிளாட் 500 வரிசைல ஃபிலிம் இருக்கற பின்பகுதி (பேக்) தனியா கழண்டு வரும், மாமியா 645, பென்டாக்ஸ் 645ல உள்ள போற இன்செர்ட் தனியா வரும், ரெண்டு மூணு வாங்கி வீட்டுல மேசை மேல வெளிச்சத்துல நிதானமா ஏத்திக்கலாம், பேரன் பேத்தி கூட ஏத்திக் குடுக்கலாம், வெளிய போனா மாத்தி மாட்டற வேலை மட்டும்தான். 120 வேணும் ஆனா கை சரியில்லங்கறவங்க கேமரா தேடும்போது முதல்ல இதத்தான் பாக்கணும், லென்ஸ் எவ்வளவு கூர்மைங்கறதெல்லாம் அப்புறம்.

645ல ஃபுஜி ஜிஏ645 தனியா சொல்ல வேண்டியது. 815 கிராம், ஆட்டோஃபோகஸ், ஆட்டோ எக்ஸ்போஷர், மோட்டார் தானா சுத்தும், 60 எம்எம் எஃப் 4 லென்ஸ் பாடிலயே இருக்கு. நேரா பிடிச்சா படம் செங்குத்தா வரும், அகலவாக்குல வேணும்னா கேமராவ திருப்பணும், மணிக்கட்டு வலி இருந்தா இத யோசிச்சுக்கோங்க. ஒரு சின்ன எஸ்எல்ஆர் எடைல கிட்டத்தட்ட மூணு மடங்கு நெகடிவ் தர்ற கேமரா வேற அதிகம் இல்ல, ஆனா இதுவும் எலக்ட்ரானிக்ஸ் நம்பித்தான் ஓடுது, போனா போனதுதான்.

6×6க்கு வந்தா, சதுரம்ங்கறது அழகு விஷயம்னு மட்டும் நினைக்கறாங்க, உடம்புக்கும் அதுல பெரிய லாபம் இருக்கு, கேமராவ எப்பவும் திருப்பவே வேண்டாம். ரோலைஃபிளெக்ஸ் மாதிரி ரெட்டை லென்ஸ் கேமரா (மேல் லென்ஸ் பாக்க, கீழ் லென்ஸ் படம் எடுக்க) 1.2 கிலோ வரும், கழுத்துல தொங்க விட்டு வயித்தோட அணைச்சுப் பிடிச்சா எடைய பட்டையும் உடம்பும் தாங்கிக்கும், கை தாங்கறது கம்மி. எஸ்எல்ஆர் மாதிரி உள்கண்ணாடி எகிறி அடிக்கற அதிர்வு கிடையாது, லென்ஸுக்குள்ள இருக்கற லீஃப் ஷட்டர் மெதுவா ஒரு கிளிக்கோட முடிஞ்சிடும், நடுக்கம் இருக்கறவங்களுக்கு இது ரொம்பப் பெரிய ஒத்தாசை. தாழ்வான கோணத்துக்கு முட்டி போட வேண்டாம், நின்னபடியே இடுப்பு உயரத்துல இருந்து பாக்கறது, இன்னும் கீழ வேணும்னா ஒரு நாற்காலில ஒக்காந்தா போதும். மேல திறக்கற ஃபைண்டர்ல ஒரு பூதக்கண்ணாடி மடிப்பு இருக்கு, அத தூக்கி விட்டா ஃபோகஸ் தெளிவா தெரியும், ப்ரோக்ரெஸிவ் கண்ணாடி போடறவங்களுக்கு கீழ குனிஞ்சு பாக்கறது இயல்பாவே படிக்கற பகுதி வழியா போயிடும். இடவலம் மாறித் தெரியறது பழகிடும். கழுத்து எலும்பு தேய்மானம் இருக்கறவங்களுக்கு மட்டும் இது ஆகாது, நாள் முழுக்க குனிஞ்சா ராத்திரி தூங்க முடியாது, அவங்க கண்ணுக்கு நேரா பாக்கற ஃபைண்டருக்கே போகணும்.

ரெட்டை லென்ஸ் கேமராலயும் எல்லாம் ஒண்ணு கிடையாது. ரோலைஃபிளெக்ஸ்லயும் யாஷிகா மேட்லயும் கைப்பிடி சுத்தினா ஃபிலிம் நகர்ந்து ஷட்டரும் தயாராயிடும், ரோலைகார்டுல குமிழத் திருகணும், ஷட்டர தனியா ஏத்தணும். எடையில ரோலைகார்டு கொறவுன்னு அத வாங்கிக்கோங்கன்னு சொல்றவங்க இந்த குமிழ யோசிக்கறதில்ல, தேஞ்ச கட்டைவிரலுக்கு முன்னூறு கிராம் கூட இருந்தாலும் கைப்பிடி இருக்கறதுதான் நல்லது. ரோலைஃபிளெக்ஸ் ஆட்டோமேட் வகைல காகிதத்த உருளைக்கு நடுவுல விட்டா போதும், ஃபிலிம் எங்க ஆரம்பிக்குதுன்னு அதுவே தடவிக் கண்டுபிடிச்சுக்கும், அம்புக்குறி பாக்கற வேலை இல்ல. அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் இமோஜன் கன்னிங்ஹாம் 1901ல 4×5 கேமராவோட ஆரம்பிச்சு, பிற்காலத்துல ரோலைஃபிளெக்ஸ் கையில வச்சுக்கிட்டு தொண்ணூறு வயசு தாண்டியும் படம் எடுத்தவங்க, 1976ல சாகற வரைக்கும் வேலை பாத்துக்கிட்டே இருந்தாங்க. இன்னொரு அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் ஆன்செல் ஆடம்ஸ் 1941ல 8×10 இன்ச் ஷீட்ல எடுத்தவர், 1960ல ஹாஃப் டோம் மலையும் நிலாவும் சேர்ந்து வர்ற அந்த யோசெமிட்டி படத்த ஹாசல்பிளாட்ல 250 எம்எம் லென்ஸ் போட்டு எடுத்தார், அப்ப அவருக்கு 58 வயசு. சின்ன ஃபார்மட்டுக்கு வந்தா தரம் போயிடும்னு பயப்படறவங்க அந்தப் படத்த பாத்தா போதும்.

6×7 விஷயத்துல நான் கொஞ்சம் கறாரா சொல்றேன். மாமியா ஆர்பி67 லென்ஸ் பேக் எல்லாம் சேத்து 2.7 கிலோ, பென்டாக்ஸ் 67 மீட்டர் ஃபைண்டரும் 105 லென்ஸும் போட்டா 2.3 கிலோ. ஆர்பில பேக் சுழலும், கேமராவ திருப்ப வேண்டாம், ட்ரைபாட்ல வச்சா ரொம்ப சுகமான கேமரா, ஆனா ரெண்டு லீவர் இழுக்கணும், ஒண்ணு ஷட்டருக்கு ஒண்ணு ஃபிலிமுக்கு. கையில பிடிச்சு எடுக்கற நாள் போயிடுச்சுன்னா இந்த ரெண்டையும் வெளிய தூக்கிட்டு அலையறதுல அர்த்தம் இல்ல. மாமியா 7 மட்டும் விதிவிலக்கு, 80 எம்எம்மோட 1.2 கிலோதான், 6×7 நெகடிவ், ரேஞ்ச்ஃபைண்டர், சத்தமே இல்லாத ஷட்டர். கெட்டா சரி பண்ண ஆள் கிடைக்கறது கஷ்டம்ங்கறத மட்டும் தெரிஞ்சு வாங்குங்க.

ஃபார்மட் பெருசாக பெருசாக ஃபோகஸ் ஆழம் கொறையறதையும் சேத்து பாக்கணும், கண்ணு மங்கினவங்களுக்கு இது நேரடியா அடிக்கும். 35 எம்எம் கேமராவுல 35 எம்எம் லென்ஸ எஃப் 8ல வச்சு 3 மீட்டர்ல நிறுத்தினா கிட்டத்தட்ட 2 மீட்டர்ல இருந்து 7 மீட்டர் வரைக்கும் தெளிவா வரும், ஃபோகஸ் பிடிக்காமலே ஒரு தெருவ எடுத்துடலாம். 6×6ல 80 எம்எம் லென்ஸ அதே எஃப் 8ல அதே 3 மீட்டர்ல வச்சா 2.5ல இருந்து 3.8 மீட்டர் வரைதான். கோணம் கொஞ்சம் வேறதான், இருந்தாலும் மன்னிக்கற அளவு எவ்வளவு சுருங்குதுன்னு புரியும். நடமாடற ஆளுங்கள எடுக்கறவங்க, ஃபோகஸ் நம்பிக்கை போனவங்க, 35 எம்எம்லயே இருக்கறது நல்லது. அசையாத விஷயத்த எடுக்கறவங்களுக்கு இந்த கவலை பாதி.

அந்த அசையாத விஷயம்தான் பெரிய ஃபார்மட்டுக்கு கொண்டு வருது. வயசானவங்க முதல்ல கைவிட வேண்டியது 4×5ன்னுதான் பொதுவா சொல்றாங்க, அத நான் ஒத்துக்க மாட்டேன். லேசான மர 4×5 கேமரா, இன்ட்ரெபிட் மாதிரி, 1.2 கிலோ. ஒரு 150 எம்எம் லென்ஸ் கால் கிலோவுக்குள்ள. ரெண்டும் சேந்தே ஆர்பி67ஐ விட ஒரு கிலோவுக்கு மேல கம்மி. எடைய ஏத்தறது ட்ரைபாடும் ஹோல்டரும்தான், ஆறு ஹோல்டர்னா ஒரு கிலோவ தாண்டும், அதுல 12 படம். மூணு ஹோல்டர் போதும், ஆறு படம் போதும்னு போனா தூக்கற பாரம் அடங்கிடும். நடுக்கம் இங்க ஒரு பிரச்சனையே இல்ல, கேமராவ ட்ரைபாட் பிடிச்சுக்குது, கை கேபிள் ரிலீஸ அமுக்கறதோட சரி. வெள்ளெழுத்தும் பிரச்சனை இல்ல, பிம்பம் விழற கிரவுண்ட் கிளாஸ் மேல லூப்ப (சின்ன பூதக்கண்ணாடிய) வச்சு நம்ம கண்ணுக்கு ஏத்த மாதிரி திருகிக்கலாம், 35 எம்எம்ல கண்டுபிடிக்க முடியாத ஃபோகஸ் இங்க துல்லியமா கிடைக்கும். ட்ரைபாட்ட கண்ணு உயரத்துக்கு வச்சா குனிய வேண்டாம், நாற்காலி போட்டும் எடுக்கலாம். கண்புரை ஆரம்பிச்சவங்களுக்கு மட்டும் எஃப் 5.6 லென்ஸோட ஓரம் இருட்டா இருக்கும், ஓரத்தயும் வெளிச்சமாக்கற ஃப்ரெனல் லென்ஸ் தகடு போட்டா கொஞ்சம் தேறும், மதிய வெளிச்சத்துல எடுங்க.

அதோட சிரமத்தையும் மறைக்கக் கூடாது. ஹோல்டர உள்ள தள்ள பின்பக்க ஸ்ப்ரிங்க இழுத்துப் பிடிக்க மணிக்கட்டு பலம் வேணும். வேலையோட வரிசை நீளம், லென்ஸ மூடணும், அப்பர்ச்சர் இறக்கணும், ஷட்டர் ஏத்தணும், ஹோல்டர மூடியிருக்கற ஸ்லைடு இழுக்கணும், எடுத்ததும் அத கருப்புப் பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போடணும். மறதி வர ஆரம்பிச்சவங்க இந்த வரிசைய ஒரு அட்டைல எழுதி ட்ரைபாட்ல கட்டித் தொங்க விடுங்க, அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. வலது கைய முதல் உலகப் போர்ல இழந்த செக் ஃபோட்டோகிராஃபர் ஜோசஃப் சூடெக், ஒத்தக் கையோட 30×40 சென்டிமீட்டர் வரைக்கும் பெரிய பெரிய கேமராவ தூக்கிட்டுப் போய் படம் எடுத்தவர், கூட உதவிக்கு ஆள் வச்சுக்கிட்டார், பல்லால பிடிக்க வேண்டியத பல்லால பிடிச்சார். அவரத் தாங்கிப் பிடிச்சது அவரோட பொறுமையான வேகம்தான்னு நினைக்கறேன், பெரிய ஃபார்மட் அவசரப்படுத்தாது. 8×10 மட்டும் வேற கதை, பாடியே 5 கிலோவ தாண்டறது உண்டு, வீட்டுக்குள்ள இல்ல வண்டி நிக்கற இடத்துக்குப் பக்கத்துல எடுக்கறவங்களுக்குத்தான்.

இன்ஸ்டன்ட் ஃபிலிமையும் ஒதுக்கிடாதீங்க. ஃபோட்டோகிராஃபர் ஆந்த்ரே கெர்டேஷ் எண்பது தாண்டினப்ப, மனைவி போன துக்கத்துல இருந்தவர், போலராய்டு எஸ்எக்ஸ்-70ஐ வச்சு தன்னோட வீட்டு ஜன்னல் பக்கத்துல கண்ணாடிப் பொருள், வெளிச்சம்னு எடுத்த சின்ன கலர் படங்கள் அவரோட நல்ல வேலைங்கள்ல சேரும். வெளிய நடக்கவே முடியாத நிலைமைக்கு இதவிட பொருத்தமான ஃபார்மட் எனக்குத் தெரியல, டெவலப்பும் இல்ல, ஸ்கேனும் இல்ல.

படம் எடுத்ததுக்கு அப்புறம் வர்ற வேலைய யாரும் கணக்குல சேக்கறதில்ல, எனக்கு அது ரொம்ப முக்கியமா படுது. நீங்களே டெவலப் பண்றவங்கன்னா இருட்டுப் பைக்குள்ள ரீல்ல ஏத்தறப்ப 35 எம்எம் விறைப்பா இருக்கறதால உள்ள போயிடும், 120 அகலமும் துவளலும், நடுங்கற விரல்ல மடிஞ்சு நிலா வடிவக் கறை விழும். ஷீட் ஃபிலிம் அதுல சுலபம், ஒவ்வொண்ணா சொருகினா போதும். ஆனா நெகடிவ் பாக்கறப்ப கதை தலைகீழ். 35 எம்எம் கான்டாக்ட் ஷீட்ல (நெகடிவ் அளவுலயே போடற பிரிண்ட்) 36 தபால்தலை அளவு படத்த லூப் இல்லாம தேர்ந்தெடுக்க அறுபது வயசு கண்ணால முடியாது, 6×6 கான்டாக்ட்ட படிக்கற கண்ணாடியோட பாத்துடலாம், 4×5 கான்டாக்ட் அதுவே ஒரு பிரிண்ட். ஸ்கேன் பண்றப்பவும் அப்படித்தான், 36 படத்துக்கு தூசி துடைக்கற வேலையும் 10 படத்துக்கு துடைக்கற வேலையும் ஒண்ணா? முதுகு வலியோட ஸ்க்ரீன் முன்னாடி ஒக்கார முடியாதவங்களுக்கு கொஞ்சமா எடுக்கற ஃபார்மட்டே மேல். டார்க்ரூம்ல நிக்க முடியலன்னா வேற ஒருத்தர் கைய நம்பலாம், அமெரிக்க ஃபோட்டோகிராஃபர் எட்வர்ட் வெஸ்டனுக்கு பார்க்கின்சன்ஸ் முத்தி 1948ல கலிஃபோர்னியாவோட பாயிண்ட் லோபோஸ்ல கடைசியா எடுத்ததுக்கு அப்புறம், அவரோட நெகடிவ்கள மகன் ப்ரெட் பிரிண்ட் போட இவர் மேற்பார்வை பாத்தார்.

ஆக என்னோட கணிப்பு இது. தோள் மட்டும் வலிக்குது, கை கண்ணு ரெண்டும் சரின்னா எந்த 35 எம்எம்மும் சரி, மாமியா 7ம் சரி. கட்டைவிரல்னா மோட்டார் இருக்கறது, அதாவது ஆட்டோஃபோகஸ் எஸ்எல்ஆர் இல்ல ஜிஏ645. நடுக்கம்னா நடமாடற ஆளுங்கள எடுக்க ஐஎஸ் லென்ஸ், அசையாததுக்கு ரெட்டை லென்ஸ் கேமரா இல்ல ட்ரைபாட்ல 4×5. முட்டின்னா இடுப்புல வச்சு பாக்கற 6×6, கழுத்துன்னா அது கூடவே கூடாது. கண்ணுன்னா முதல்ல கண் டாக்டர், அப்புறம் ஐபீஸ் லென்ஸ், அப்பவும் ஆகலன்னா ஆட்டோஃபோகஸ். ரெண்டு மூணு ஒண்ணா சேந்து வர்றவங்களுக்கு, அதுதான் பெரும்பாலும் நடக்கும், எது தினமும் வலிக்குதோ அதுக்கு முதல் இடம் குடுங்க, எப்பயாவது வலிக்கறத பட்டை மாத்தி, மோனோபாட் சேத்து சமாளிக்கலாம்.

புதுசு வாங்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கடன் வாங்கி, காலைல புத்துணர்ச்சியா இருக்கறப்ப இல்லாம சாயங்காலம் களைச்சு கை விறைச்சு இருக்கறப்ப, உங்க படிக்கற கண்ணாடியோட ஒரு ரோல் ஏத்தி, முழுசா எடுத்து, இறக்கிப் பாருங்க. அந்த நேரத்துல கை எங்க தடுமாறுதோ அதுதான் இன்னும் அஞ்சு வருஷத்துல நாள் முழுக்க தடுமாறப் போற இடம். பழைய கேமராவ உடனே வித்துடாதீங்க, ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் போகட்டும், மூட்டு ரெண்டு காலத்துலயும் ஒரே மாதிரி இருக்காது.